எந்தப் பிரிவில் வழக்கு? – 1868: ஓர் அதிபர் மீதான குற்றப்பத்திரிகை



அண்ணன் நினைவுச் சொற்பொழிவுக்கு அமெரிக்க அதிபர் ஒருவர் மீது நடந்த விசாரணையைப் பொருளாக எடுத்திருக்கிறேன் என்றதும், அமைப்பாளர்களில் ஒருவர் "நம்ம ஊர்ல பேசறதுக்கு விஷயம் தீர்ந்துபோச்சா தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை அண்ணனிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு காவல் நிலைய வாசலில். ஊர்த்தெருவில் பைக்கை விட்டு இறங்காமல் போனதற்காகக் காலனிப் பையன் ஒருவனைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடித்திருந்தார்கள். முதல் நாள் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்தது. எங்களுக்கெல்லாம் ஜெயித்துவிட்ட சந்தோஷம். அண்ணன் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளைப் படித்தார். இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506. அவ்வளவுதான். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதில் எங்கேயும் இல்லை. "கேஸ் போட்டுட்டாங்கன்னு குதிக்காதீங்கப்பா. எந்தப் பிரிவுல போட்டிருக்காங்கன்னு பாருங்க. அடிச்சது இருக்கு. ஏன் அடிச்சாங்கங்கிறது இல்ல" என்றார்.

1868-இல் வாஷிங்டனில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது சாட்டப்பட்ட பதினொரு குற்றச்சாட்டுகளைப் படித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'இம்பீச்மென்ட்' என்றால் நம் பத்திரிகைகள் பதவி நீக்கம் என்று எழுதிவிடுகின்றன. அது பாதிதான் சரி. இம்பீச்மென்ட் என்பது குற்றம் சாட்டுவது. அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றினால் இம்பீச்மென்ட் முடிந்தது. அதற்குப் பிறகு செனட் விசாரிக்கும். அதிபர் மீதான விசாரணை என்றால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வந்து தலைமை நாற்காலியில் உட்காருவார். வாக்களிக்கும் நேரத்தில் அவையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 'குற்றவாளி' என்றால்தான் பதவி போகும். சிறையோ அபராதமோ கிடையாது. அதற்கு நீதிமன்றத்தில் தனி வழக்கு நடக்க வேண்டும். இதுவரை மூன்று அதிபர்கள் மீது நான்கு முறை நடந்திருக்கிறது: ஜான்சன் மீது 1868-இல், கிளின்டன் மீது 1998-இல், டிரம்ப் மீது 2019-இலும் 2021-இலும். நான்கிலும் பதவியை யாரும் பறிக்கவில்லை.

நம் அரசமைப்பின் 61-ஆவது உறுப்பு இதற்கு உறவுமுறைதான். அங்கே குற்றம் 'அரசமைப்பை மீறுதல்'. ஓர் அவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு, 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு குற்றம் சாட்ட வேண்டும். மற்ற அவை விசாரித்து, அதே அளவு ஆதரவோடு முடிவு செய்ய வேண்டும். இதுவரை அதற்கு வேலை வந்ததில்லை. நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அமெரிக்க அதிபரோ அரசாங்கத்தையே கையில் வைத்திருப்பவர். அங்கே இந்தக் கடிவாளம் அலங்காரப் பொருள் அல்ல.

அந்தக் கடிவாளத்தைச் செய்த நாளைப் பார்ப்போம். 1787, செப்டம்பர் 8, பிலடெல்பியா. தேசத்துரோகம், லஞ்சம் என்ற இரண்டு குற்றங்கள் மட்டுமே வரைவில் இருந்தன. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், இது போதாது என்றார். அவர் காட்டிய உதாரணம் நமக்குத் தெரிந்த பெயர்: வாரன் ஹேஸ்டிங்ஸ். வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாவதற்கு முன்பு சென்னைக் கோட்டையில் கவுன்சில் உறுப்பினராக இருந்தவர். இந்தியாவில் செய்த கொடுமைகளுக்காக லண்டனில் அவர் மீது அப்போது இம்பீச்மென்ட் நடவடிக்கை தொடங்கியிருந்தது. ஹேஸ்டிங்ஸ் செய்தது தேசத்துரோகம் ஆகாதே என்று சொல்லி, 'நிர்வாகச் சீர்கேடு' என்பதையும் சேர்க்கச் சொன்னார் மேசன். ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார். இவ்வளவு தளர்வான சொல்லைப் போட்டால் செனட்டுக்குப் பிடிக்கிறவரைதான் அதிபர் பதவியில் இருக்க முடியும் என்றார். மேசன் தன் சொல்லை மாற்றிக்கொண்டார்: 'ஹை க்ரைம்ஸ் அண்ட் மிஸ்டிமீனர்ஸ்'. தமிழில் பெருங்குற்றங்களும் முறைகேடுகளும் எனலாம். தண்டனைச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற குற்றம் மட்டும் என்பது இதன் பொருள் அல்ல. பெரிய பதவியில் இருப்பவர் மக்கள் கொடுத்த நம்பிக்கையைக் கெடுப்பதும் இதில் அடங்கும் என்றுதான் அன்று முதல் பலரும் விளக்கி வந்திருக்கிறார்கள்.

ஆனால் எந்த மக்கள்? மேசனும் மேடிசனும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அவர்கள் இருவரும் உட்கார்ந்து எழுதிய அதே ஆவணம்தான், மாநிலங்களுக்குத் தொகுதிகளைப் பிரிக்கும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதராகக் கணக்கிட்டது. வாக்கில்லாத அந்த ஐந்தில் மூன்றை வைத்து எஜமானர்கள் தங்களுக்குக் கூடுதல் இடங்களை எடுத்துக்கொண்டார்கள்.

ஜான்சனுக்கு வருவோம். 1808-இல் வட கரோலினாவின் ராலே நகரில் ஏழை வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடமே போகாதவர். தையல்காரர். டென்னஸியில் அரசியலுக்கு வந்து செனட்டரானார். 1861-இல் தென் மாநிலங்கள் பிரிந்து போனபோது தன் இடத்தை விட்டுப் போகாத ஒரே தென்மாநில செனட்டர் அவர்தான். அதற்காகவே 1864-இல் லிங்கனோடு துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தப்பட்டார். பெரிய தோட்ட முதலாளிகளை அவர் வெறுத்தார். ஆனால் தனக்குக் கீழே இருக்க வேண்டியவர்கள் என்று அவர் நினைத்தவர்கள் தனக்குச் சமமாக வந்து நிற்பதை அதைவிட அதிகமாக வெறுத்தார். இந்த மனநிலையை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1865 ஏப்ரல் 15. சுடப்பட்ட லிங்கன் இறந்தார். அன்றே ஜான்சன் பதவியேற்றார். நாற்பது லட்சம் மக்கள் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த வருடம் அது. அவர்கள் கையில் ஒரே ஒரு சொத்துதான் இருந்தது. அந்த ஜனவரியில் தளபதி ஷெர்மன் போட்ட 15-ஆம் எண் களஉத்தரவு, தெற்குக் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா கடலோர நிலங்களை ஒரு குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்னது. சுமார் நாற்பதாயிரம் பேர் குடியேறி, உழுது விதைத்தார்கள். மே மாதம் ஜான்சன் பொதுமன்னிப்பை அறிவித்தார். இருபதாயிரம் டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் உள்ளிட்ட சில பிரிவினர் தனித்தனியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டு மனுப்போட வேண்டும். முன்பு அவரைத் தையல்காரன் என்று ஏளனம் செய்த முதலாளிகள் வரிசையில் நின்றார்கள். அவரும் ஒவ்வொருவராக மன்னித்தார். மன்னிப்போடு நிலமும் திரும்பிப் போனது.

அக்டோபரில் தெற்குக் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்கு ஒரு தளபதியை அனுப்பினார்கள். விடுதலையானவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர், ஆலிவர் ஹோவர்ட். போரில் வலது கையை இழந்தவர். நல்ல மனிதர் என்றே சொல்கிறார்கள். மாதாகோயிலில் கூடியிருந்த மக்களிடம், நிலம் பழைய முதலாளிகளுக்குத்தான், நீங்கள் அவர்களை மன்னித்து அவர்களிடமே கூலிக்குச் சேர்ந்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய வேலை அவருக்கு. மக்கள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து மனு எழுத வைத்தார்கள். ஹென்றி பிராம், இஷ்மேல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன். அவர்கள் ஹோவர்டுக்கு எழுதியதன் சாரம் இது: உங்களுக்குப் போனது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி முப்பத்தொன்பது கசையடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் ஆடை களைந்து அடித்தவனை, இப்போது அவன் சொல்கிற கூலிக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் காலிக் குடிசையில்கூடத் தங்க விடாதவனை, நான் எப்படி மன்னிப்பது? அதிபருக்கும் தனியாக ஒரு மனு எழுதினார்கள். தங்களுக்கென்று வீடும் நிலமும் கேட்டார்கள். பஞ்சமி நில மனுக்களை எழுதிக் கை வலித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

ஆண்ட்ரூ ஜான்சன் மீதான உண்மையான குற்றப்பத்திரிகை இந்த மனுதான் என்பது என் கட்சி. காங்கிரஸ் நிறைவேற்றிய குற்றச்சாட்டுகளுக்கு இரண்டரை ஆண்டுகள் முன்பே அது எழுதப்பட்டுவிட்டது.

அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். தென் மாநிலங்கள் 'கறுப்புச் சட்டங்கள்' போட்டு, வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரை ஊர்சுற்றி என்று பிடித்து அபராதம் விதித்தன. கட்ட முடியாதவர்களைக் கூலிக்கு ஏலம் விட்டன. 1866-இல் குடிமக்கள் உரிமைச் சட்டத்தைக் காங்கிரஸ் கொண்டுவந்தபோது ஜான்சன் வீட்டோ செய்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தச் சட்டம் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவருக்குச் சலுகை காட்டுகிறது என்பது. சற்று முன்புவரை விற்கப்பட்டவர்களுக்குச் சலுகையாம்! இந்த வாதத்துக்கு எவ்வளவு வயதாகிறது பாருங்கள். வீட்டோவை மீறிக் காங்கிரஸ் அதைச் சட்டமாக்கியது. அந்த மே மாதம் மெம்ஃபிஸில் 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள். பள்ளிகளையும் தேவாலயங்களையும் கொளுத்தினார்கள். ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் வாக்குரிமை கேட்டுக் கூடியவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஜான்சன் அதற்கான பழியைக் காங்கிரஸின் தீவிர உறுப்பினர்கள் மீதே போட்டு ஊர் ஊராகப் பேசினார்.

இனிதான் அண்ணனின் கேள்வி. 1867 நவம்பரில் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இம்பீச்மென்ட்டைப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை அகலமானது. கிளர்ச்சிக்காரர்களை மன்னித்ததும், சொத்துகளைத் திருப்பிக் கொடுத்ததும், காங்கிரஸின் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டதும் அதில் இருந்தன. அதாவது, 'ஏன் அடிச்சாங்க' என்பது கொஞ்சமாவது இருந்தது. டிசம்பர் 7 அன்று சபை அதைத் தோற்கடித்தது. ஆதரவு 57, எதிர்ப்பு 108. குறிப்பிட்ட சட்டம் எதையும் மீறியதாகக் காட்டவில்லையே என்று குடியரசுக் கட்சியினரே பின்வாங்கினார்கள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை வேலையை விட்டு நீக்கினார். செனட்டின் சம்மதத்தோடு நியமிக்கப்பட்டவரைச் செனட்டைக் கேட்காமல் நீக்கக் கூடாது என்று 1867-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஸ்டான்டன் அலுவலகத்துக்குள்ளேயே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிப்ரவரி 24 அன்று அதே சபை 126-க்கு 47 என்ற கணக்கில் அதிபரை இம்பீச் செய்தது.

நாற்பதாயிரம் பேரின் நிலம் போனபோது கிடைக்காத பெரும்பான்மை, ஓர் அமைச்சரின் நாற்காலி போனபோது கிடைத்தது. பதினொரு குற்றச்சாட்டுகளில் முதல் ஒன்பது ஸ்டான்டன் விவகாரத்தையும் அதையொட்டிய ராணுவ உத்தரவுகளையும் சுற்றியவை. பத்தாவது, காங்கிரஸை மேடையில் கேவலமாகப் பேசினார் என்பது. பதினொன்றாவதில், பலவற்றுக்கு நடுவே, தென் மாநிலங்களைச் சீரமைக்கும் சட்டம் நிறைவேறாமல் தடுக்கப் பார்த்தார் என்று ஒரு வரி. எடிஸ்டோ இல்லை. மெம்ஃபிஸ் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் இல்லை. 294(பி), 323, 506.

ஏன் இப்படி? அதற்குத் தந்திரம், கோழைத்தனம் என்று ஒற்றைக் காரணம் சொல்ல மாட்டேன். மன்னிக்கும் அதிகாரம் அரசமைப்பே அதிபருக்குக் கொடுத்தது, வீட்டோவும் அப்படித்தான். அவற்றை ஒரு மக்கள் கூட்டத்தை மறுபடி அடிமையாக்கப் பயன்படுத்துவதற்கு எந்தப் பிரிவும் இல்லை. 'பெருங்குற்றம்' என்ற சொல்லுக்குள் அது தாராளமாக அடங்கும். அடக்குவதற்கு ஆள் இல்லை. அன்றைய இரண்டு அவைகளிலும் ஒரு கறுப்பின உறுப்பினர்கூடக் கிடையாது. முதல் கறுப்பின செனட்டர் ஹைரம் ரெவல்ஸும், பிரதிநிதிகள் சபையின் முதல் கறுப்பின உறுப்பினர் ஜோசப் ரெய்னியும் 1870-இல்தான் உள்ளே வந்தார்கள். நாடாளுமன்றம் காவல் நிலையம் அல்ல, ஆனால் புகாரை யார் எழுதுகிறார்கள் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

செனட் விசாரணை பெரிய வேடிக்கையாக நடந்தது. பார்வையாளர் மாடத்துக்கு முதன்முறையாக டிக்கெட் அச்சடித்தார்கள். நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கடைசிவரை போராடிய தாடியஸ் ஸ்டீவன்ஸ், சாகக் கிடந்த உடம்போடு நாற்காலியில் தூக்கிவரப்பட்டார். ஜான்சனின் வழக்கறிஞர்களில் ஒருவர் பெஞ்சமின் கர்ட்டிஸ். 1857-இல் கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தபோது எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதி அவர்தான். மனிதர்களை ஒரே டப்பாவில் அடைக்க முடிவதில்லை. அவருடைய வாதம் எளிமையானது: ஸ்டான்டனை நியமித்தவர் லிங்கன்; சட்டத்தின் வாசகப்படி நியமித்தவரின் காலம் முடிந்து ஒரு மாதத்தோடு பாதுகாப்பும் முடிந்தது; ஆகவே ஜான்சன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது! சின்னப் பிரிவில் போட்ட வழக்கு சின்ன ஓட்டையில் ஒழுகிப்போகும். எங்கள் காலனிப் பையன் வழக்கும் அப்படித்தான் போனது.

54 செனட்டர்கள். தேவை 36. மே 16 அன்று பதினொன்றாவது குற்றச்சாட்டை முதலில் எடுத்தார்கள். குற்றவாளி 35, இல்லை 19. ஒரு வாக்கு. மே 26 அன்று இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே 35, 19. மீதியை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். 'இல்லை' சொன்னவர்களில் டென்னஸியின் டேவிட் பேட்டர்சன், ஜான்சனின் மருமகன். 'குற்றவாளி' என்றவர்களில் பெஞ்சமின் வேட், ஜான்சன் போனால் அதிபராக வேண்டியவர். அதிபரை அதிபரின் மருமகனும் அடுத்த அதிபரும் சேர்ந்து விசாரித்த அவை அது.

குடியரசுக் கட்சியின் ஏழு பேர் கட்சி மாறி வாக்களித்தார்கள். அதில் கான்ஸஸின் எட்மண்ட் ராஸை, மனசாட்சிக்காக அரசியல் வாழ்வைப் பலிகொடுத்த வீரராக ஜான் கென்னடி பெயரில் வந்த 'ப்ரொஃபைல்ஸ் இன் கரேஜ்' கொண்டாடுகிறது. லஞ்சம் கைமாறியதாக அப்போதே விசாரணை நடந்தது, அதை விட்டுவிடுகிறேன். கொள்கை மாறுபாட்டுக்காக அதிபரை நீக்க ஆரம்பித்தால் அந்தப் பதவி செனட்டின் கைப்பொம்மையாகும் என்று அவர்கள் பயந்ததை நான் தூக்கி எறியவில்லை. மேடிசனும் அதற்குத்தானே பயந்தார். ஆனால் அந்த வீரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற பக்கத்தை அந்தக் கதை எழுதுவதில்லை. அந்த டிசம்பர் 25 அன்று ஜான்சன் மிச்சமிருந்த கிளர்ச்சிக்காரர்கள் அத்தனை பேரையும் நிபந்தனையில்லாமல் மன்னித்தார். 1875-இல் செனட்டராகவே திரும்பி வந்தார்.

இம்பீச்மென்ட் வீண் என்று சொல்லவில்லை. கத்தி கழுத்தில் இருந்த அந்த மூன்று மாதம் ஜான்சன் அடங்கியிருந்தார். எல்லோருக்கும் ஏற்புடைய ஒருவரைப் போர்த்துறைக்கு முன்மொழிந்தார். தெற்குக் கரோலினா, ஆர்கன்சாஸ் மாநிலங்களின் புதிய அரசமைப்புகளைத் தடுக்காமல் காங்கிரஸுக்கு அனுப்பினார். தெற்குக் கரோலினாவின் அந்த அரசமைப்பு எழுதப்பட்ட கூடத்தைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும். 1868 ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வாஷிங்டனில் ஸ்டான்டனின் நாற்காலிக்குச் சண்டை நடந்த அதே வாரங்களில், சார்ல்ஸ்டனில் கூடிய பேரவையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 1862-இல் எதிரியின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பி வந்த ராபர்ட் ஸ்மால்ஸ் அங்கே ஓர் உறுப்பினர். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுப் பள்ளி என்று அவர்கள் எழுதினார்கள். சொத்திருந்தால்தான் தேர்தலில் நிற்கலாம் என்பதை எடுத்தார்கள். அந்தக் கூடத்துக்கு டிக்கெட் அச்சடித்ததாகத் தெரியவில்லை.

நான் சமூகவியல் முதுகலை படித்தபோது கையில் கிடைத்த பழைய அமெரிக்க வரலாற்று நூல்களில் ஜான்சன் பழிவாங்கப்பட்ட நல்லவராகவே இருந்தார். அந்தப் பார்வையை வளர்த்த வரலாற்றாசிரியர் வில்லியம் டன்னிங், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். விடுதலையானவர்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே தவறு என்பது அந்த மரபின் முடிவு. பாபாசாகேப் 1913 முதல் 1916 வரை படித்த அதே பல்கலைக்கழகம், அதே ஆண்டுகளில். அந்த மரபை உடைத்தவர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ், 1935-இல் வெளிவந்த அவரது 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்', விடுதலையான மக்களைச் சாட்சிகளாக அல்ல, கர்த்தாக்களாக எழுதியது. 1946-இல் பாபாசாகேப் கடிதம் எழுதியது இந்த டுபாய்ஸுக்குத்தான். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டிருந்தார்.

1974 ஜூலை 25. நிக்சன் விவகாரத்தை விசாரித்த நீதிக்குழுவில் டெக்ஸஸின் பார்பரா ஜோர்டன் பேசினார். தென் மாநிலங்களிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். 1787-இல் 'மக்களாகிய நாம்' என்று எழுதியபோது அதில் தான் இல்லை என்பதை நினைவூட்டிவிட்டு, அதே ஆவணத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதிபரின் குற்றங்களை ஒவ்வொன்றாக அதோடு பொருத்திக் காட்டினார். புகாரை எழுதும் மேசைக்கு நூற்றாறு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த ஆள். மூன்று குற்றச்சாட்டுகளைக் குழு நிறைவேற்றியது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவியை விட்டுப் போனார்.

அதே குழுவில் இன்னொரு குற்றச்சாட்டும் வந்தது. டெட்ராய்ட்டின் கறுப்பின உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் கொண்டுவந்தது. கம்போடியா மீது காங்கிரஸுக்குத் தெரியாமல் ரகசியமாகக் குண்டு போட்டது பற்றியது. 26-க்கு 12 என்ற கணக்கில் குழு அதை நிராகரித்தது. ஒட்டுக்கேட்டதும் மறைத்ததும் குற்றப்பத்திரிகையில் இருந்தன. கம்போடிய விவசாயிக்கு அந்தக் குழுவில் நாற்காலி இல்லை.

எடிஸ்டோ தீவின் அந்த மூவர் ஹோவர்டுக்கு எழுதிய மனு இப்போது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், விடுதலையானவர்களுக்கான அரசுத் துறையின் கோப்புகளோடு இருக்கிறது.